ஒன்பது நுண்ணோக்கிகளும் மணி அடிக்காத மாலைகளும்

2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் திரைவழியே நடந்துகொண்டிருந்த மாதங்களில் ஒருநாள், ஆய்வக அலமாரியைக் காற்றாடத் திறந்து வைப்பதற்காக நானும் எங்கள் ஆய்வக உதவியாளரும் பள்ளிக்குப் போயிருந்தோம். உயிரியல் ஆய்வகத்தின் ஒன்பது கூட்டு நுண்ணோக்கிகளும் நெகிழித் தாள் போர்த்தியபடி வரிசையாக நின்றன. முதலாவதைச் சன்னல் ஓரம் வைத்துப் பார்த்தபோது, வட்டமான ஒளிப்பரப்பு முழுவதும் சிலந்தி வலை விரித்தாற்போல மெல்லிய இழைகள் ஓடியிருந்தன. இரண்டாவதன் பெரிய திருகு அசையவே இல்லை. மூன்றாவதில் ஒளியே வரவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் தன் கைக்குட்டையால் ஒரு நுண்ணோக்கியின் அடித்தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஒன்பதையும் மாலை நேரங்களில் எங்கள் வீடுகளில் வைத்துச் செப்பனிட்டோம். என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் வேறொரு ஆய்வகத்துக்குப் பயன்படும். ஆனால் அந்த மாலை நேரம் எங்களுக்கு எப்படி வாய்த்தது என்பதை விட்டுவிட்டு வேலையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொரோனாக் காலத்தில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் கல்வி தடைப்பட்டது என்று ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. பள்ளியில் பணிபுரிந்தவர்களின் நாள் எப்படிக் கழிந்தது என்பது அந்தக் கணக்கில் தெரியாது. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஓய்வு என்று தனியே ஒன்று இல்லாமல் போயிருந்தது. பள்ளியில் மணி அடித்தால் பாடம் முடியும். வீட்டில் எதுவும் முடியவில்லை. இரவு பத்து மணிக்கும் மாணவரின் சந்தேகம் கைப்பேசியில் வந்து நின்றது. அதற்குப் பதில் எழுதாமல் தூங்கினால் குற்றவுணர்வும் கூடவே படுத்தது. ஆய்வக உதவியாளரின் நிலை இதற்கு நேர்மாறானது. செய்முறை வகுப்பு இல்லை, கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை இல்லை, அவரை எந்த இணைய வகுப்பிலும் யாரும் சேர்க்கவில்லை. "காலையில எழுந்ததும் கை தானா சாவிக்கொத்தைத் தேடுது, டீச்சர். அப்புறம்தான் ஞாபகம் வருது," என்றார். எனக்கு இல்லாத நேரம் முழுவதும் அவரிடம் குவிந்து கிடந்தது, அது அவருக்குச் சுமையாக இருந்தது. மற்றவர்கள் அவரவர் வழியைக் கண்டுகொண்டார்கள்: நூலகர் கிழிந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அட்டை கட்டினார், அலுவலக எழுத்தர் புல்லாங்குழலைத் தூசி தட்டி எடுத்தார், உடற்கல்வி ஆசிரியர் மொட்டைமாடியில் செடி வளர்த்தார்.

தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொன்றின் எண்ணையும் குறித்துவிட்டு, ஐந்தை நானும் நான்கை அவரும் எடுத்துச் சென்றோம். இரண்டு விதிகளை வகுத்துக்கொண்டோம். மாலை 5 மணி முதல் 6.30 வரை மட்டுமே வேலை. பேசவேண்டியிருந்தால் குரல் அழைப்பு மட்டும், காணொளி கூடாது. இரண்டாவது விதி நான் கேட்டது. திரைவழிக் கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பூட்டுகின்றன என்று ஆராய்ந்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் நான்கு காரணங்களைச் சொல்லியிருந்தார்: மிக அருகில் ஓயாமல் நம்மைப் பார்க்கும் முகங்கள், நம் முகத்தை நாமே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது, ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது, சாதாரணமாகத் தானாக நிகழும் சைகைகளை முயன்று செய்யவும் முயன்று புரிந்துகொள்ளவும் வேண்டியிருப்பது. அதைப் பின்னாளில் படித்தபோது, அந்த மாலைகளில் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஒரு பித்தளைக் குழாயைப் பிடித்துக்கொண்டு பேசியது ஏன் அவ்வளவு இளைப்பாறுதலாக இருந்தது என்பது விளங்கியது.

முதல் மூன்று மாலைகளில் எதையும் கழற்றவில்லை. அழுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது என்பது உதவியாளரின் கட்டளை. அவர் சொல்லிக்கொடுத்த முறை மிக எளியது. ஒரு சில்லை, அதாவது பார்க்க வேண்டிய பொருளை ஏந்தும் கண்ணாடித் தகட்டை, வைத்துக் குவியப்படுத்தியபின், கண்ணருகு லென்சை மட்டும் விரலால் மெல்லச் சுழற்ற வேண்டும். புள்ளியோ இழையோ கூடவே சுழன்றால் அழுக்கு அந்த லென்சில் இருக்கிறது. சுழலாவிட்டால் சில்லை நகர்த்திப் பார்க்க வேண்டும். கூடவே நகர்ந்தால் அழுக்கு சில்லில். இரண்டும் இல்லையென்றால் பொருளருகு லென்சை மாற்றிப் பார்க்க வேண்டும்; ஒன்றில் மங்கலாகவும் மற்றொன்றில் தெளிவாகவும் தெரிந்தால், மங்கலாகக் காட்டிய லென்சே காரணம். எதை மாற்றினாலும் கறை இருந்த இடத்திலேயே இருந்தால், மேடைக்குக் கீழே உள்ள ஒளிகுவிப்பானையோ ஆடியையோ பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக உயிரியல் கற்பிக்கும் நான் இந்த வரிசையை ஒருமுறையும் மாணவர்களுக்குச் சொன்னதில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் முன்னால் அவர் இதைச் செய்து முடித்து, சுத்தமான கருவியை என் மேசையில் வைத்திருக்கிறார்.

இப்படிச் சோதித்ததில் கிடைத்த கணக்கு: மூன்றில் கண்ணருகு லென்சில் பூசணம், ஆறில் 40 மடங்குப் பொருளருகு லென்சின் முனையில் காய்ந்த படலம், ஐந்தில் பெரிய திருகு இறுகியிருந்தது, ஒன்றில் ஆடி கழன்று பின்புறம் திரும்பிக் கிடந்தது. ஒளியே வராத நுண்ணோக்கிக்கு நோய் அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் அது பிழைத்துக்கொண்டது.

40 மடங்கு லென்சில் மட்டும் ஏன் இவ்வளவு அழுக்கு என்பதற்குக் காரணம் உண்டு. குவியும் நிலையில் அதன் முனைக்கும் சில்லின் மேலுள்ள மூடுகண்ணாடிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்கும். மூடுகண்ணாடியின் தடிமனோ 0.17 மில்லிமீட்டர்தான். மாணவர் பெரிய திருகை ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பினால் லென்ஸ் சில்லில் போய் இடிக்கும். கிளிசரினும் சாயமும் முனையில் ஒட்டிக் காய்ந்துவிடும். அந்தப் படலத்தைப் பார்க்க ஒரு நல்ல உபாயம், பொருளருகு லென்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணருகு லென்சைத் தலைகீழாகத் திருப்பி அதன் வழியே பார்ப்பது. அப்போது அது உருப்பெருக்கியாக வேலை செய்யும். ஊசிமுனை அளவுள்ள அந்தக் கண்ணாடியின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மேலோடு தெரிந்தது.

துடைக்கும் வரிசையில் அவசரம் கூடாது. முதலில் ரப்பர் ஊதுபந்தால் காற்றடித்துத் தூசியை அகற்றினோம், ஏனென்றால் மணல்துகள் இருக்கும்போது துணி பட்டால் லென்சில் கீறல் விழும். அடுத்து, காய்ச்சி வடித்த நீரில் தொட்டெடுத்த பஞ்சுக்குச்சி. கிளிசரின் நீரில் கரையும் என்பதால் பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். அதன் பிறகும் எஞ்சியதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அதுவும் சொட்டாமல் ஈரம் மட்டும் இருக்கும்படி. பழைய லென்சுகளில் இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பிசின் ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரையக்கூடியது; ஓரத்தில் திரவம் ஊறி உள்ளே இறங்கினால் அந்த லென்சை மீட்க முடியாது. மையத்தில் தொடங்கி ஓரம் நோக்கிச் சுருள்வட்டமாகத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு. பொருளருகு லென்சை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே பிரிக்கவில்லை. அதனுள் இருக்கும் சிறு கண்ணாடிகளின் இடைவெளி தொழிற்சாலையில் அமைத்தது. மேசையில் பிரித்தால் மறுபடி அமையாது.

கண்ணருகு லென்சைப் பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டியிருந்தது, பூசணம் உட்புறத்தில் இருந்ததால். எங்களுடையவை ஹைகன்ஸ் வகை: ஒரு சிறு குழாய், இரு முனைகளிலும் ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் உள்ள ஒவ்வொரு லென்ஸ், நடுவே வட்டத் துளையுள்ள ஒரு தடுப்பு. முதலாவதைத் துடைத்து மாட்டியபின் பார்த்தால், மையம் ஓரளவு தெளிவாகவும் ஓரங்கள் கரைந்ததுபோலவும் தெரிந்தன. அரைமணி நேரம் என் துடைப்பையே குறைகூறிக்கொண்டிருந்தேன். கடைசியில் உதவியாளர் தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி: "தட்டைப் பக்கம் ரெண்டும் கண்ணைப் பார்த்து இருக்கா, டீச்சர்?" ஒன்று திரும்பியிருந்தது. ஹைகன்ஸ் வகையில் இரண்டு லென்சுகளின் தட்டைப் பக்கமும் கண்ணை நோக்கியே அமைய வேண்டும். அதற்குப் பிறகு எதைக் கழற்றினாலும், கழற்றும் முன்பே அது எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்று காகிதத்தில் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

பூசணத்தைப் பற்றி ஒரு சொல். காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்து, வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில், லென்சின் மேல் ஒட்டிய தூசியையும் விரல்ரேகையின் எண்ணெயையும் தின்று அது வளர்கிறது. இழையைத் துடைத்துவிடலாம். ஆனால் அது சுரக்கும் அமிலம் லென்சின் மேற்பூச்சையும் நாளடைவில் கண்ணாடியையும் அரித்திருந்தால், இழை போனபின்னும் அதன் தடம் நிற்கும். மூன்றில் இரண்டு முழுமையாகத் தெளிந்தன. மூன்றாவதில் சுவடு அப்படியே இருக்கிறது.

அதிக நாள் பிடித்தது திருகு வேலைதான். பெரிய திருகின் உட்புறம் ஒரு பற்சக்கரம் உண்டு. குழாயோடு சேர்ந்த பற்சட்டத்தில் அது பொருந்தி, திருகைத் திருப்பும்போது குழாயை ஏற்றி இறக்கும். பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கிரீஸ் அந்தப் பற்களுக்கிடையே கெட்டிப்பட்டு, பச்சையும் கறுப்புமாய்ப் பிசின்போல ஆகியிருந்தது. இறுகிய திருகை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பற்கள் உடையும். எனவே குழாயின் லென்சுகள் அனைத்தையும் முதலில் கழற்றித் தனியே மூடிவைத்துவிட்டு, மண்ணெண்ணெயைத் தூரிகையால் பற்களில் தடவி ஓரிரவு விட்டோம். மறுநாள் மாலை திருகு முனகிக்கொண்டே நகர்ந்தது. குழாயைக் கழற்றி எடுத்து, பழைய கிரீசைப் பல் துலக்கும் தூரிகையாலும் மரக்குச்சியாலும் பல் பல்லாகச் சுரண்டினோம். உலோகக் கருவி கொண்டு சுரண்டக் கூடாது, பித்தளை மென்மையானது. பழுப்பேறிக் கிடந்த பற்சட்டம் மெல்ல மெல்லப் பொன்னிறமாக வெளிப்பட்டபோது, அன்றைக்குக் காலை நடந்த நான்கு வகுப்புகளும் என் நினைவிலிருந்து முற்றாக விலகியிருந்தன. அதற்கு முந்தைய பல வாரங்களில் அப்படி ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

அங்கேதான் பெரிய தவறைச் செய்தேன். கிரீஸ் கையில் இல்லாததால், தையல் இயந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயை விட்டுக் குழாயை மாட்டினேன். திருகு வெண்ணெயாய்ச் சுழன்றது. மறுநாள் பார்த்தால் குழாய் தன் எடையாலேயே கீழே இறங்கி மேடையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எண்ணெய் வழிந்து லென்ஸ் பொருத்தும் சுழல்தட்டு வரை வந்திருந்தது. நான் ஏற்கெனவே துடைத்து முடித்த 40 மடங்கு லென்சை அதில் பூட்டியிருந்தேன். அதைச் சொன்னபோது உதவியாளர் கடிந்துகொள்ளவில்லை. "எண்ணெய் ஓடும், டீச்சர். கிரீஸ் நிக்கும். இதுல நிக்கிறதுதான் வேணும்," என்றார். மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெயைத் துடைத்தெடுத்து, லித்தியம் கிரீசைத் தீக்குச்சி நுனியால் எடுத்துப் பற்களில் மெல்லிய படலமாக மட்டும் தடவினோம். அதன்பிறகும் குழாய் சற்று இறங்கியது. அவர் சொன்னபடி இரு பக்கத்துத் திருகுகளையும் இரண்டு கைகளில் பிடித்து ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் முறுக்கியதும் இறுக்கம் கூடி, குழாய் விட்ட இடத்தில் நின்றது. பல பள்ளி நுண்ணோக்கிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. அது தெரியாததால் தளர்ந்த திருகோடு ஒதுக்கப்பட்ட கருவிகள் எத்தனையோ இருக்கும்.

அவருடைய நான்கில் ஒன்றின் 40 மடங்கு லென்ஸ் முனை உடைந்தே போயிருந்தது. என்னிடம் இருந்த ஒன்றில் பற்சட்டம் வளைந்து, குழாய் நேராக ஏற மறுத்தது. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள். ஆனால் பொருளருகு லென்சின் திருகு மரைக்கு 1858இல் லண்டனின் நுண்ணோக்கிச் சங்கம் ஒரு பொது அளவை வகுத்தது, 0.8 அங்குலம், அதாவது 20.32 மில்லிமீட்டர் விட்டம். இன்றும் பள்ளி நுண்ணோக்கிகளில் பெரும்பாலும் அதே மரைதான். எனவே என் கருவியின் லென்ஸ் அவருடைய கருவியில் பிசகில்லாமல் பூட்டிக்கொண்டது. குழாயின் நீளம் இரண்டிலும் 160 மில்லிமீட்டராக இருந்ததால் பிம்பமும் கெடவில்லை.

ஒரு மாலை லென்ஸ் துடைத்துக்கொண்டே அவருக்கு லீவன்ஹூக்கைப் பற்றிச் சொன்னேன். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அவர், 1660இல் நகரமன்றத்தில் ஒரு வேலையில் அமர்ந்தார். மன்றக் கூடத்தைத் திறந்து மூடுவதும், துப்புரவாக வைத்திருப்பதும், குளிருக்குக் கணப்பு மூட்டுவதும் அந்தப் பதவியின் கடமைகள். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அவர் தாமே உரசி உருவாக்கிய ஒற்றை லென்சுகளின் வழியே நீர்த்துளியில் நீந்திய உயிர்களைப் பார்த்து, 1673 முதல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இறக்கும்வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சாவி அவர்கிட்டதான் இருந்திருக்கு," என்றார் உதவியாளர்.

சோதனைக்குச் சுவரோரத்துப் பாசியின் இலையைத் தேர்ந்தோம். மாஸ் வகைப் பாசிகளின் இலை பெரும்பாலும் ஒரே ஓர் அடுக்குச் செல்லால் ஆனது. வெட்டவோ சாயமேற்றவோ தேவையில்லை, ஒரு துளி நீரில் வைத்து மூடினால் போதும். ஆடியைத் திறந்த வானத்தை நோக்கித் திருப்ப வேண்டும். நேர் வெயிலை நோக்கித் திருப்பினால் கண் பறிபோகும், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 400 மடங்கில் செல் சுவர்களின் கட்டங்களும், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பச்சை மணிகளாகப் பசுங்கணிகங்களும் விளிம்பு பிசிறாமல் தெரிந்தால் அந்தக் கருவி தேறியது என்று கொண்டோம். ஏழு தேறின. சுவடு விழுந்த கண்ணருகு லென்சைக் கொண்ட ஒன்று, குறைந்த உருப்பெருக்கத்துக்கு மட்டும் என்று சிவப்பு நாடா கட்டப்பட்டது. வளைந்த பற்சட்டம் கொண்டதை உதிரிப்பாகங்களுக்காக ஒதுக்கினோம்.

இந்த நுண்ணோக்கியைக் கைப்பேசியோடு இணைத்து வகுப்பில் காட்டலாமே என்று உடன் பணிபுரிந்த பலர் கேட்டார்கள். கேமராவைக் கண்ணருகு லென்சுக்குமேல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஒளிவட்டம் முழுதாக விழும் இடத்தில் நிறுத்த ஓர் அட்டைக்குழாய் போதும், கடினமில்லை. ஆனால் நான் பல வாரங்கள் தயங்கினேன். என் நாளில் பள்ளி நுழையாத ஒரே பகுதி அந்த ஒன்றரை மணி நேரம். அதையும் பாடத் தயாரிப்பாக மாற்றிவிட்டால் மீண்டும் பழைய நிலைதான். இறுதியில் ஒத்துக்கொண்டது, உதவியாளர் கேட்டதால். மாலையில் அல்லாமல், கால அட்டவணையிலுள்ள ஒரு பாடவேளையில் அவரே வந்து காட்டுவார் என்று முடிவானது. பாசி இலையைக் காட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் துடைக்காத ஒரு கருவியை எடுத்துவைத்து, "இந்தக் கறை எங்க இருக்குன்னு யார் சொல்றீங்க?" என்று கண்ணருகு லென்சை மெல்லச் சுழற்றத் தொடங்கினார். என் வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளைகள் ஒலிவாங்கியை இயக்கிப் பதில் சொன்னார்கள்.

பள்ளி மீண்டும் திறந்தபின் கருவிகள் அலமாரிக்குத் திரும்பின. நெகிழித் தாளை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியுறை தைத்துப் போட்டிருக்கிறோம்; நெகிழி ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கிண்ணம் சிலிக்கா ஜெல். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு என்பதால், மாணவர்கள் புழங்கும் இடத்துக்கு ஆரஞ்சு வகையே வாங்கினோம். அது நிறம் மாறியதும் 120 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஈரம் உறிஞ்சத் தயாராகிவிடும். அதைச் சூடாக்கிய தேதிகளை உதவியாளர் அலமாரிக் கதவின் உட்புறம் பென்சிலால் எழுதி வருகிறார். அந்த வரிசைக்கு மேலே, பழுது பார்த்த மாதங்களின் தேதிகளும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே 5.00 - 6.30 என்று.